ஏழு விநாடியில் எழும்பிய கணினி

எங்கள் தீவின் மீனவர் சங்கக் கணினியை நான்தான் பராமரித்தேன். படகுகளிலிருந்து வரும் அவசர அழைப்புகள் அதன் திரையில் சிவப்பாகத் தெரியும். யாராவது பதில் கொடுக்கும்வரை அவை நினைவகத்தில் மட்டுமே இருக்கும்; கணினி நின்றால் அழிந்துவிடும். கணினியோ அடிக்கடி செயலிழந்தது. திரும்ப இயங்க நாலு நிமிடமாகும். சங்கத் தலைவர் கத்துவார்.

"உது விழுந்தா உடன எழும்ப வேணும். ஏன் விழுந்ததெண்டு ஆருக்கு வேணும்?"

கணினியின் மைய நிரலான கெர்னலை மாற்றி அமைத்தேன். வன்பொருள் சோதனைகளைத் தவிர்த்து ஏழே விநாடியில் எழும்பியது. விழும்போது நினைவகத்தில் இருப்பதை வன்வட்டில் பிரதியெடுக்கும் வசதியும் அதில் உண்டு. அதற்கு மட்டும் மூன்று நிமிடம் பிடிக்கும் என்பதால் நிறுத்திவிட்டேன். தலைவர் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. சனியன் பிடித்த பெருமை.

கடல் கொந்தளிக்கக் கச்சான் காற்று அடித்த ஒரு நாள், ஒரு படகு கரை திரும்பவில்லை. கணினியின் பதிவுகளைப் பார்த்தேன். அன்று மத்தியானம் ஒருமுறை விழுந்து எழும்பியிருந்தது. அறையில் இருந்த எவரும் கவனிக்கவில்லை. கவனிக்க ஏழு விநாடி போதாது.

மூன்றாம் நாள் அந்தப் படகுக்காரரின் மனைவி வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"தம்பி, அவர் கூப்பிட்டவரோ? அதை மட்டும் சொல்லும்."

"தெரியாது அக்கா. அந்த நேரம் இருந்ததை மெசின் எழுதி வைக்கேல்லை."

"ஏன்?"

"நான்தான் நிப்பாட்டினனான். நேரம் பிடிக்குமெண்டு."

அவர் வெறுமையான திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப உது நல்லா வேலை செய்யுதோ?"

"ஓம் அக்கா" என்றேன்.