தகட்டில் இரண்டாவது துளை

என் தையல் பெட்டிக்குள், நூற்கண்டுகளுக்கு அடியில், விரல் நீளத்தில் ஒரு தகரத் தகடு கிடக்கிறது. அதில் பென்சிலால் எழுதியிருப்பது இப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்: ஒரு மரத்தின் பெயரும் அதை நட்ட மாதமும். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு துளை. ஒன்று வட்டமாக, ஒழுங்காக இருக்கும். அதை இட்டவர் என் எசமானி சின்யோராவின் மகன். மற்றது ஆணியால் அடித்தது, ஓரம் கிழிந்தது. அதை இட்டவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து, போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கீழ்த்தள வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். சின்யோரா ஓய்வு பெற்ற ஆசிரியை, கணவனை இழந்தவர். நிமிர்ந்து நடப்பார், அளந்து பேசுவார், என் இத்தாலியனில் பிழை கண்டால் விடமாட்டார். அவருடைய பேச்சு இத்தனை வருடங்களில் என் நினைவில் எங்கள் பேச்சாகவே மாறிவிட்டது. குசினிக்குப் பின்னால், நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு தோட்டம். எலுமிச்சை ஒன்று, கொஞ்சம் துளசி, சுற்றிவர உயர்ந்த மதில்.

நான் சேர்ந்த முதல் மாரியிலேயே, வடக்கே தூரினில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகன் நெடுஞ்சாலை விபத்தில் இறந்துபோனார். அவருடைய சாமான்களை ஏற்றிவந்த லொறியில், பெரிய பூச்சாடி ஒன்றில், இலையே இல்லாத ஒரு செர்ரி மரமும் இருந்தது. என் நெஞ்சளவு உயரம். பழம் தராது, பூவுக்காக மட்டும் வளர்ப்பது. கிளையில் இந்தத் தகடு கம்பியால் கட்டியிருந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் மகன் தொலைபேசியில் கூப்பிடுவாராம்: "அம்மா, பூத்திட்டுது, வந்து பாருங்கோ. கசக்கின பட்டுக் கடதாசி மாதிரி, ரோஸ் நிறம்." சின்யோரா ஒவ்வொரு முறையும், "அடுத்த வருஷம் வாறன்" என்பாராம். முதலில் பள்ளிக்கூடம் விடவில்லை, பிறகு முழங்கால் விடவில்லை. அப்படியே ஏழு சித்திரை போய்விட்டது. இனி அந்தப் பூவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

எலுமிச்சைக் கிளை வெட்ட மாதம் ஒருமுறை நகர ஓரத்துச் சியாகுல்லியிலிருந்து ஒரு கிழவர் வருவார். மந்தரின் பழத் தோட்டங்களில் உழைத்துக் காய்ந்த மனிதர். செர்ரியை அவர்தான் தோட்டத்தில் நட்டுக் கொடுத்துவிட்டு, "இஞ்சத்தைக் குளிர் இதுக்குக் காணாது, பூக்கிறது சந்தேகம்" என்றார். "பூக்கும்" என்றார் சின்யோரா. அன்றிலிருந்து தினமும் காலையில் குசினி யன்னலைத் திறந்துவிட்டு என்னைக் கேட்பார்: "இண்டைக்கு மரம் என்ன சொல்லுது?"

அந்தச் சித்திரையில் மரம் இலை மட்டும் விட்டது. ஓகஸ்டில் சின்யோரா முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போனார். பிறகு மலைப்பக்கத்திலிருந்த தங்கை வீட்டில் தங்கினார். வீடும் மரமும் என் பொறுப்பில். அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. அரிசி கழுவிய தண்ணீரைக்கூட மரத்துக்கே ஊற்றினேன். அப்படியிருந்தும், தெற்கிலிருந்து சிரோக்கோ அனல்காற்று மூன்று நாள் அடித்ததில் இலையெல்லாம் கருகிச் சுருண்டு கொட்டிவிட்டது. மொட்டைக் கிளை. ஆனால் தண்டின் அடியில், ஒரு வீக்கம்போல் இருந்த முடிச்சுக்குக் கீழே, பச்சையாக ஒரு தளிர் எட்டிப்பார்த்தது.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பட்டதை வெட்டினால் அடியிலிருந்து அதே மரம் எழும்பிவரும். இறைச்சி வெட்டும் கத்தியை எடுத்து, முடிச்சோடு சேர்த்து அறுத்தேன். வெட்டு வாயில் பட்டைக்குக் கீழே ஈரப் பச்சை தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறது, இனித் தழைக்கும் என்று சந்தோஷப்பட்டேன். பழைய கம்பி தகட்டின் துளைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்ததால், மற்ற முனையில் ஆணியால் புதுத் துளை அடித்து, தகட்டைப் புதுத் தளிரில் கட்டினேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கிழவர் வந்தார். குனிந்து, தண்டைப் பெருவிரலால் தடவினார்.

"இது ஒட்டுமரம், பிள்ளை. முடிச்சோடை நீ வெட்டி எறிஞ்சதுதான் அந்தப் பெடியன்ரை மரம். இது அடிக்கட்டை, காட்டு இனம். இலைதானே கருகினது? மழை வந்திருந்தால் திரும்பத் துளிர்த்திருக்கும்."

ஒட்டுமாங்கன்று எங்கள் வளவிலும் நின்றது. அடியில் தளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் காய்க்காத மரத்தைக்கூட மெனக்கெட்டு ஒட்டுவார்கள் என்று யார் கண்டது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சொல்லிவிட வேண்டாம் என்று கிழவரைக் கெஞ்சினேன். "அது உன்ரை பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வீட்டில் வேலை செய்த மன்னார் அக்காவிடம் அழுதேன். அக்கா சுற்றிவளைத்துக் கதைக்கமாட்டா.

"விசரி, வாயைத் திறவாதை. அந்த மனிசி கையெழுத்து வைக்காட்டி உனக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. பிறகு எங்கை போய் நிப்பாய்? அது பூக்குமட்டும் மனிசி இருக்குமோ, ஆருக்குத் தெரியும்."

வதிவிட அனுமதிக்காக ஒரு கிழவியின் சாவைக் கணக்கில் எடுத்தோம், இருவரும். அக்காவைக் குறை சொல்லமாட்டேன். வாயைத் திறவாதவள் நான்தான்.

சின்யோரா ஊன்றுகோலோடு திரும்பிவந்து, தளிர் முழங்கை நீளம் வளர்ந்திருந்ததைக் கண்டு என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையின் சூடு இன்னும் என்னைச் சுடுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் மூன்று வருடம் அவருக்கு முன்னாலேயே அந்த மரத்தை வளர்த்தேன். "இண்டைக்கு மரம் என்ன சொல்லுது?" என்று தினமும் கேட்டார். "நல்லாயிருக்கு, சின்யோரா" என்று தினமும் சொன்னேன். நடக்க முடிந்த நாட்களில் அவரே ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அதனோடு மெதுவாக ஏதோ கதைப்பார். எனக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொள்வேன்.

ஒரு பங்குனிக் காலையில் பூத்தது. சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள், ஐந்தே இதழ், தோட்டம் முழுக்க வாசம். சின்யோரா வெளியே வந்து நின்றார். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தகட்டைத் தேடிப் பிடித்தார். இரண்டு முனைகளையும் விரலால் தடவினார். கிழிந்த ஓரத்தில் விரல் நின்றது.

"எப்ப?" என்றார்.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை. பட்டுப்போச்செண்டு நினைச்சு நான்தான் வெட்டினனான்."

"மூண்டு வருஷம் என்னை இதோடை கதைக்க விட்டனீ."

அவ்வளவுதான். கம்பியை முறுக்கி அவிழ்த்து, தகட்டை என் கையில் வைத்தார். "நீயே வைச்சிரு. எனக்கு இதிலை வாசிக்க இனி ஒண்டுமில்லை."

என்னை வேலையால் நிறுத்துவார் என்று பெட்டியை அடுக்கினேன். நிறுத்தவில்லை. அந்த வருடமும், அதற்கடுத்த வருடமும் என் பத்திரங்களில் கையெழுத்து வைத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குசினி யன்னலை மட்டும் அதற்குப் பிறகு திறக்கவே விடவில்லை. பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் சமைத்தேன். மரம் என்ன சொல்லுது என்று அவர் கேட்கவேயில்லை. இரண்டாவது மாரியில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். பங்குனியில் அந்தத் தெருவால் போக நேர்ந்தால், மரம் மதிலுக்கு மேலால் வெள்ளையாகப் பூத்து நிற்பது தெரியும். சிரோக்கோவும் ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர்ப் பஞ்சமும் ஒன்றும் செய்யவில்லை. நான் அடுத்த பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன்.

போன மாதம் பொத்தான் தைக்க ஊசி தேடியபோது தகடு மறுபடி கையில் தட்டுப்பட்டது. என்ன நினைத்தேனோ, அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி மகளின் போனில் தேடினேன். படம் வந்தது. ரோஸ் நிறம்தான், கசக்கின பட்டுக் கடதாசி மாதிரியேதான். அந்தப் பிள்ளை தாய்க்குச் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. சின்யோரா கடைசிவரை பார்க்காத பூவை, வெட்டியவள் நான் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.