டிக்கெட்டின் கடைசி இரண்டு எண்கள்

சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். 2006 என்று நினைவு. ஒரு மாணவர் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை நகல் எடுக்கக் கொடுத்துவிட்டுப் போனார், திரும்பி வரவேயில்லை. பத்தாவதோடு நின்ற எனக்கு, அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க நாலு மாதம் ஆனது. கதைப் புத்தகம் இல்லை அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மனிதனை மனதில் உண்டாக்கி, அவனாகவே பேசி, அவனாகவே முடிவெடுத்து ஆடும் ஒரு விளையாட்டின் விதிகள். ராஜா இல்லை, மந்திரம் இல்லை. இந்தக் காலத்து ஊர், இந்தக் காலத்து ஆட்கள். ஒரு குத்து வாங்கினால் மூன்று மாதம் ஆஸ்பத்திரி. செத்தால் செத்ததுதான், அந்த ஆளின் விவரம் எழுதிய பேப்பரைக் கதை நடத்துகிறவன் கிழித்துவிட வேண்டும்.

கதை நடத்துகிறவன் நான். ஆட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் கடலூர் கோர்ட்டுக்கு வெளியே டைப் அடிக்கிறவன். இன்னொருவன் கடலூரை ஒட்டிய மீனவக் கிராமத்துக்காரன். சிதம்பரத்தில் பைக் மெக்கானிக். ஞாயிறு மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்காருவோம். புத்தகம் கேட்ட பத்து முகப் பகடைக்கு நாங்கள் எங்கே போவது? டவுன் பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அதன் கடைசி இரண்டு எண்தான் தீர்ப்பு. சின்ன எண் நல்லது, பெரிய எண் கெட்டது. பக்கத்து டீக்கடை அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ டிக்கெட்ட வச்சிக்கினு ஒரு பஸ்ஸும் ஏறாம ஊரச் சுத்துறீங்களேப்பா." அந்த விளையாட்டை இதைவிடச் சரியாக இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

முதல் ஞாயிறு டைப்பிஸ்ட்டின் ஆள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் எவனோ முறைத்தான் என்று சினிமா பாணியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். எதிராளியிடம் கத்தி இருந்தது. டின்னில் தொண்ணூற்றொன்று வந்தது. நான் கிழித்துப் போட்ட பேப்பரை ஓரமாக ஒதுக்கினான் டைப்பிஸ்ட்.

"இன்னொரு பேப்பர் குடு மச்சான். இந்தத் தடவ எவன் மொறச்சாலும் சார்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"கோர்ட்டுல பண்றதத்தான் இங்கயும் பண்ணப் போற," என்றான் மெக்கானிக்.

சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு கதையில் ஒரு கதவைத் திறக்கவே பத்து நிமிடம் யோசித்தோம். பத்துத் தோட்டா வாங்கியும் வசனம் பேசுகிறவனுக்குத் தியேட்டரில் விசிலடித்தவர்கள், இங்கே ஒரு உருட்டுக்கட்டைக்கு வியர்த்தோம். அந்தப் பயத்தால்தான் அந்தப் பேப்பர் மனிதர்கள் எங்களுக்கு வேண்டியவர்கள் ஆனார்கள் என்று இப்போது தோன்றுகிறது. எப்படியும் பிழைத்துவிடுவான் என்று தெரிந்தவனுக்காக யார் கவலைப்படுவார்கள்?

மெக்கானிக்கின் ஆள் ஒரு போட் டிரைவர். ஒன்றரை வருடம் அவனைச் சாகாமல் வைத்திருந்தான். முழங்காலில் பழைய வெட்டு, அதனால் நொண்டல், மகளுக்குக் காது குத்த வேண்டும் என்ற ஆசை, எல்லாம் அந்தப் பேப்பரில் இருந்தன. கிரீஸ் கை பட்டுப் பட்டு அது துணி மாதிரி ஆகியிருந்தது. பர்ஸில்தான் வைத்திருப்பான்.

ஒரு ஞாயிறு, கதையில், துறைமுகத்தில் டீசல் திருடும் கும்பல் டைப்பிஸ்ட்டின் ஆளான வக்கீல் குமாஸ்தாவை ஐஸ் பேக்டரிக்குள் அடைத்துவிட்டது. போட் டிரைவர் தப்பித்துப் போக வழி இருந்தது.

"நீ போயிடு மச்சான். என் ஆளு போனா போறான். அவன் வந்தே ஒரு மாசந்தான் ஆவுது," என்றான் டைப்பிஸ்ட்.

"கடல்ல ஒரு போட்டு கை காட்டிச்சின்னா வலைய வெட்டி உட்டுட்டுப் போவோம். வலை எவ்ளோ பெருசுன்னு பாக்க மாட்டோம்," என்று சொல்லிவிட்டு ஐஸ் பேக்டரிக்குள் போனான் மெக்கானிக்.

குமாஸ்தாவை வெளியே தள்ளிவிட்டான். அதற்குள் போட் டிரைவரின் கழுத்தோரம் அரிவாள் வெட்டு விழுந்தது. பிழைக்க முப்பதோ அதற்குக் கீழோ வர வேண்டும். உயிர் போகிற கட்டத்தில் டிக்கெட் எடுப்பது நான், அப்படித்தான் வைத்திருந்தோம். எடுத்தேன். எண்பத்திரண்டு.

மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தேன். "இருபத்தெட்டு," என்றேன்.

எடுத்த டிக்கெட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டு டின்னில் போடுவதுதான் வழக்கம். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டைப்பிஸ்ட் சந்தோஷத்தில் டீ சொல்ல எழுந்தான். மெக்கானிக் என் பக்கம் கையை நீட்டினான்.

"டிக்கெட்ட குடு."

"எதுக்கு மச்சான்? அதான் பொழச்சிட்டான்ல."

"குடு."

கொடுத்தேன். பார்த்தான். கோபப்படவில்லை.

"எங்கண்ணன் கடலுக்குப் போய் வர்ல, தெரியும்ல. ஒருத்தர் அவன காரைக்கால் ஆஸ்பத்திரில பாத்தேன்னாரு. இன்னொருத்தர் நாகப்பட்டணத்துல ஏதோ கேம்ப்புல இருக்கான்னாரு. எல்லாம் நல்லவங்கதான். எங்கம்மா மனசு தாங்காதுன்னு சொன்னாங்க. அது பதினோரு மாசம் அவனுக்கும் சேத்து ஒல வச்சிது." டிக்கெட்டின் மடிப்பை விரலால் நீவினான். "நான் எதுக்கு இங்க வர்றேன்னு நெனச்ச? இங்கதான் வந்தத வந்தபடி சொல்றீங்க."

அவன் பர்ஸிலிருந்து பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தான். கிழித்தேன். துணி மாதிரி ஆகியிருந்ததால் சத்தமே வரவில்லை. அந்த டிக்கெட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ஷட்டருக்குக் குனிந்து வெளியே போய்விட்டான்.

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்னதை ஒரு பக்கம் மட்டும் எடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேப்பரில் இருந்தவனைக் காப்பாற்றப் போய் எதிரே இருந்தவனை இழந்துவிட்டேனே என்பதுதான் மனதில் ஓடியது. அவன் பட்டறை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

அடுத்த ஞாயிறு டைப்பிஸ்ட்டும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஷட்டருக்குக் கீழே முதலில் அவன் செருப்பு தெரிந்தது. உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு கை நிறையப் புது டிக்கெட்டுகளை எடுத்து டின்னில் போட்டான். பிறகு பர்ஸைத் திறந்து அந்த எண்பத்திரண்டையும் போட்டுக் கலக்கினான். என் மடியோரம் இருந்த டின்னை நடுவில் நகர்த்தி வைத்தான்.

"இனிமே அவனவன் உசுருக்கு அவனவனே எடுக்கட்டும். பேப்பர் குடு."

"இந்தத் தடவ ஆளு யாரு?" என்றான் டைப்பிஸ்ட்.

"போட் டிரைவரோட தம்பி." பேனாவைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தான். "அண்ணன் செத்தது அவனுக்குத் தெரியும். அதுலேர்ந்து ஆரம்பி."