‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டது கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரில் பாதிகூடத் தாண்டவில்லை, காலிங்பெல். கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அஃப்ரின். கையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. சட்டைப் பைக்குள் அடங்குகிற சைஸ்.

“அங்கிள், இது ஆன் ஆக மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க.”

எனக்கு என்ன தெரியும்? எப்போதோ இந்தப் பக்கத்தில் என் பழைய கேமராவைப் பற்றி இரண்டு பாரா எழுதினேன். அன்றிலிருந்து இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு நான்தான் கேமரா நிபுணன். ‘தெரியாதும்மா’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

அஃப்ரின் பொத்தேரியில் காலேஜ் முதல் வருடம். வெள்ளிக்கிழமை அங்கே கல்சுரல்ஸ் விழா. “போன்ல எடுத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு அங்கிள். இதுல எடுத்தா செம லுக்” என்றாள். படம் க்ளியராக இல்லை என்று நாம் பீரோவில் தூக்கிப் போட்டோம். க்ளியராக இல்லை என்பதற்காகவே பசங்கள் தேடி எடுக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

அது அவள் அப்பாவின் கேமரா; அவளுக்கு ‘அத்தா’. ஜப்பார் பாய். மேற்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். என் கண்ணாடி லேசாகக் கோணியிருந்தால்கூட தெருவிலேயே நிறுத்திவிடுவார். “என்ன சார், உலகத்தை இப்படி சாய்ச்சே பார்த்தா எப்படி?” என்று கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுப்பார். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் கடையிலேயே நெஞ்சு வலி. போய்விட்டார். அப்போது அஃப்ரின் ஒன்பதாம் வகுப்பு.

சரி, கேமராவுக்கு வருவோம்.

பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பென்சில் செல். ஒழுகி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தன. செல்லைக் கழற்றாமல் வருடக்கணக்கில் வைத்தால் இதுதான் நடக்கும். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, வீட்டுச் சுவர்க் கடிகாரங்கள் இரண்டின் செல்லையும் பிடுங்கிப் போட்டேன்.

ஆன் ஆயிற்று! லென்ஸ் ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாதி வெளியே வந்தது. அங்கேயே நின்றது. வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

“உடைச்சுட்டீங்களா அங்கிள்?”

கேமரா பசி அதிகம் உள்ள பிராணி. கடிகாரத்து செல் அதற்குப் பத்தாது. அஃப்ரின் ஓடிப்போய் நல்ல ஆல்கலைன் செல்லாக வாங்கி வந்தாள். அப்போதும் லென்ஸ் அசையவில்லை. வெளிச்சத்தில் பார்த்தேன்... இடுக்கில் மணல். எந்தக் காலத்து பீச் மணலோ! கையால் இழுத்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். லென்ஸைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். நாலைந்து மணல் துகள்கள் விழுந்தன. ஆஃப் செய்து ஆன் செய்தேன். லென்ஸ் ஜம்மென்று முழுசாக வந்தது.

நிபுணன்தானே நான்?

அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. திரையில் வந்தது: ‘கார்டில் பிழை. ஃபார்மேட் செய்யவா?’ கீழே ஆம், இல்லை. அஃப்ரினின் கட்டைவிரல் ‘ஆம்’ மேல் போய்விட்டது.

“அமுக்காதே!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து அவள் அம்மா மெஹருன்னிசா ஓடி வந்துவிட்டார்.

“இன்னா சார், இன்னா ஆச்சு?”

விளக்கினேன். ஆம் என்றால் கார்டில் இருப்பது அத்தனையும் போய்விடும். அவர் கேமராவை வாங்கி, முந்தானையால் துடைத்தார்.

“சார், இதுல அவரு இருப்பாரா?”

எனக்குப் புரியவில்லை.

“அவர் படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல சார். கல்யாண ஆல்பத்துல இருக்காரு, ஆதார் கார்டுல இருக்காரு. நடுவுல இருபது வருஷம் ஆளையே காணோம். எப்பவும் கேமரா அவர் கையில. போனும் பட்டன் போன். அவரை யாரு எடுக்கறது?”

அஃப்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டைலுக்காகக் கேட்ட கேமரா அந்த நிமிடத்தில் வேறு பொருளாகிவிட்டது.

கார்டின் தகட்டை ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். என் லேப்டாப்பில் போட்டேன். ஏற்கவில்லை. திங்கட்கிழமை தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தேன். “புதுசா எதையும் எழுதாம வெச்சிருந்தீங்க, நல்லதா போச்சு” என்றார். செவ்வாய்க்கிழமை மாலை முன்னூற்றுச் சொச்சம் படங்களை மீட்டு, பென் டிரைவில் போட்டுத் தந்துவிட்டார்.

மூன்று பேரும் அவர்கள் வீட்டு ஹாலில் லேப்டாப் முன் உட்கார்ந்தோம். அஃப்ரின் ஸ்கூல் யூனிஃபார்மில். அஃப்ரின் பல் விழுந்து. மெஹருன்னிசா ரம்ஜான் புதுப்புடவையில். பிரியாணி தேக்சா. மறுபடி அஃப்ரின். ஒரு படத்தில் பாயின் நிழல் தரையில் விழுந்திருந்தது. இன்னொன்றில் ஓரத்தில் அவர் விரல்.

அவ்வளவுதான். முன்னூறு படத்தில் ஒரு நிழல், ஒரு விரல்.

“பரவால்ல சார். நீங்க எவ்ளோ அலைஞ்சீங்க” என்று மெஹருன்னிசா எழுந்து டீ போடப் போனார். அவர் எதற்காக எழுந்தார் என்று அஃப்ரினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்ன செய்வது? சங்கடத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. கேமராவை எடுத்தேன். லென்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஜன்னலைப் பார்த்து ஒரு க்ளிக்.

‘மெமரி நிரம்பிவிட்டது’ என்றது திரை.

கார்டே உள்ளே இல்லை. எது நிரம்பியது?

அப்புறம்தான் உறைத்தது. இந்த மாதிரி கேமராக்கள் சிலவற்றுக்கு உள்ளேயே குட்டியாக ஒரு மெமரி உண்டு. கார்டு இல்லாதபோது படம் அதில் போய் உட்காரும். கார்டைப் போட்டுவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. படம் பார்க்கிற பட்டனை அமுக்கினேன்.

ஜப்பார் பாய்.

வண்டலூர் ஜூ. பின்னால் ஒட்டகச்சிவிங்கியின் கால் மட்டும். பாயின் நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை, தலை வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் அவர்தான். ஒரு கையில் வெள்ளரிப் பிஞ்சு, இன்னொரு கையை ‘வேணாம் வேணாம்’ என்று ஆட்டுகிறார்.

“அம்மா! இங்க வாயேன்! அத்தா இருக்கார்!”

மெஹருன்னிசா கையில் டீ வடிகட்டியோடு வந்தார். பார்த்தார். வடிகட்டி கீழே விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

“நான் எடுத்தது சார் இது... நான் எடுத்தது! அன்னிக்கு கார்டை வூட்டுலயே மறந்துட்டு வந்துட்டாரு. ஒரே மூட் அவுட். நான் கேமராவைப் புடுங்கி சும்மா அமுக்கிகினே இருந்தேன். ‘ஏம்மா, கார்டு இல்லாம எடுத்தா எங்க போயி விழும்? செல்லுதான் வேஸ்ட்டு’ன்னு திட்டிகினே வந்தாரு. வூட்டுக்கு வந்து கார்டைப் போட்டுப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. ‘நான் சொன்னேனா இல்லியா’ன்னு ஒரு மாசம் என்னை ஓட்டுனாரு.”

மொத்தம் எட்டுப் படங்கள். எட்டிலும் பாய் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்றில் விரலை ஆட்டி. ஒன்றில் இடுப்பில் கை வைத்து. ஒன்றில் கேமராவைப் பிடுங்க வந்து, முகம் ஆடிக் கலங்கி. ஒரே ஒரு படத்தில் திட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

மெஹருன்னிசா திரையைப் பார்த்துச் சொன்னார்: “பாரு, எங்க போயி விழுந்துச்சுன்னு!”

அப்புறம் அழுதார். அஃப்ரின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். நான் ஒட்டகச்சிவிங்கியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது கார்டு வாங்கிப் போட்டு, மெனுவில் தேடி, எட்டையும் அதில் காப்பி செய்தோம். அப்புறம் இரண்டு போன்களுக்கும் மாற்றினோம். சுவரில் படம் மாட்டும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. மெஹருன்னிசா போனைத் திறந்ததும் வருகிற மாதிரி ஒன்றை வைக்கலாம் என்று அஃப்ரின் சொன்னாள். சிரிக்கிற படத்தைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். இல்லை.

“அந்த விரல் ஆட்டுறது வை. அதான் எங்க வூட்டுக்காரரு.”

இன்னொன்றும் நடந்தது. கல்சுரல்ஸுக்குக் கிளம்பிய அன்று அஃப்ரின் முதல் படத்தை வீட்டு வாசலிலேயே எடுத்துவிட்டாள். அம்மாவை.

அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து என் போனைத் திறந்தேன். நான் இருக்கிறேன். ஊர்க் கல்யாணம் இருக்கிறது. இட்லி, சாம்பார்கூட இருக்கிறது. இத்தனையையும் எடுத்தது என் மனைவி. அவள் எங்கே? தள்ளித் தள்ளிப் பார்த்தேன்... ஒரு கண்ணாடியில், போனுக்குப் பின்னால், பாதி முகம்.

நேரே சமையலறைக்குப் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். திரும்பினாள். க்ளிக்.

“தலைகூட வாரல! முதல்ல அதை டெலிட் பண்ணுங்க!”

பண்ணவில்லை.