டிரான்ஸ்பார்மர் பிடித்த சுருதி

போன வாரம் ஒரு காலை. திருநின்றவூரில் எங்கள் அடுக்ககத்து வாசலில் புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறார்கள். அதன் வேலிக்கு வெளியே நின்று கைப்பேசியை அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன். காவலாளி பதறி ஓடி வந்தார்.

“இன்னா சார், கரண்டு பெட்டியாண்ட போன நீட்டினு கீறீங்க? ரீல்ஸா?”

“இல்லப்பா, சுருதி பாக்குறேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஊட்ல அம்மா இருக்காங்களா சார்?” என்று மெதுவாகக் கேட்டார். ஓய்வு பெற்றவன் எதையாவது ஆராய ஆரம்பித்தால் ஊர் முதலில் மனைவியைத்தான் தேடுகிறது.

நான் சொன்னது உண்மைதான். பாட்டுப் பழகுபவர்களுக்கென்று சுருதி காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. அதன் முள் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே போய் நின்றது. மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ப் பார்த்தேன். அதே இடம். மறுநாளும் அதே இடம். உங்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. எனக்கோ, ஊருக்கு ஊர் சுற்றித் திரிந்த நண்பன் ஒருவன் திடீரென்று ஒழுங்காக வேலைக்குப் போவதைப் பார்த்தது போல இருந்தது.

மழை நின்றபின் சூடான டிரான்ஸ்பார்மரிடமிருந்து ஒரு வாசனை வரும். எண்ணெயும் ஈர ஜல்லியும் கலந்த வாசனை. மற்றவர்களுக்கு மல்லிகை செய்வதை எனக்கு அது செய்யும். நேராகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும்.

அங்கே கம்பி உருட்டும் ரோலிங் மில் ஒன்றில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. மில்லுக்கு மனமகிழ் மன்றம் என்று ஓர் அறை உண்டு. ஒரு கேரம் பலகை, கால் ஆடும் பெஞ்சுகள், பழைய காலண்டர். மனம் மகிழ வேறு ஏற்பாடு ஏதும் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் மின் முற்றத்தில் பெரிய டிரான்ஸ்பார்மர் ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கும். கேரம் ஆட வந்தவர்கள் அந்தச் சத்தம் தாளாமல் ஓடிப்போனார்கள். காலியான அறையை நாங்கள் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கிரேன் ஓட்டும் ஏழுமலை மிருதங்கம் வாசிப்பார். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயல் உள்ள குடும்பம். டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்த எஸ்தர் பாடுவார். நானும் பாடுவேன். என் குரலை ஏழுமலை ‘வெல்டிங்’ என்பார். ஒட்டும், ஆனால் பார்க்க முடியாது என்று விளக்கமும் தருவார். இன்னும் சிலர் தாளம் போட வருவார்கள். டீ வந்ததும் தாளம் நின்றுவிடும்.

எங்களிடம் தம்புரா இல்லை. சுருதிப் பெட்டி வாங்க ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினோம். நம் ஊரில் தீர்மானம் நிறைவேறுவது வேறு, பெட்டி வருவது வேறு. ஒரு மாலை எஸ்தர் பெஞ்சில் உட்கார்ந்து, சும்மா அந்த ரீங்காரத்தோடு குரலைச் சேர்த்துப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார், இது என் சட்ஜமம் சார்! ஃப்ரீயா கெடைக்குது!”

நானும் சேர்ந்து பார்த்தேன். பொதுவாகப் பெண்கள் ஐந்து கட்டையிலும் ஆண்கள் ஒரு கட்டையிலும் பாடுவார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு உள்ள தூரம். ஆகவே எஸ்தருக்குச் சட்ஜமமாக ஒலித்த அதே ரீங்காரம் எனக்குப் பஞ்சமமாக வந்து உட்கார்ந்தது. ஏழுமலை மிருதங்கத்தின் வலந்தலையைத் தட்டித் தட்டி அதற்குச் சேர்த்தார்.

“ராஜா ஊட்டுத் தம்புரா நைனா இது. வாசிக்க ஆளே வேணாம்,” என்றார்.

அன்று நாங்கள் மூவரும் அடைந்த உற்சாகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்று முதல் பகல் ஷிப்ட் முடிந்ததும் தினமும் கச்சேரிதான்.

எஸ்தரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வள்ளூர் பக்கத்துக்காரர். பள்ளி நாளிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் நடு வரிசை. கனத்த, தாழ்ந்த குரல். தனியாகப் பாடும் இடம் வரும்போதெல்லாம் மெல்லிய, உயர்ந்த குரல்காரிகளைத்தான் முன்னால் அழைப்பார்கள். கேட்டதற்குக் குழுத் தலைவர் சொன்னாராம்: “உன் குரலு தூணு மாதிரிம்மா. கீழ நின்னு தாங்கு. மேல ஏற வேற ஆளு இருக்கு.” பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

“ஒரே ஒரு பாட்டு சார்,” என்பார் எஸ்தர். “மொதல்லேந்து கடைசி வரைக்கும் நான் மட்டும். பக்கத்துல ஆளே இல்லாம. அவ்ளோதான் எனக்கு.”

மில்லின் ஆயுத பூஜை விழாவில் அந்த ஒரு பாட்டு என்று முடிவானது. கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை. சரணத்தில் மேல் பஞ்சமத்தை எட்டி, அங்கேயே சற்று நிற்க வேண்டும். மாதக்கணக்கில் அந்த ஓர் இடத்துக்காகவே உழைத்தார். மேலே போகும்போது தொண்டையை இறுக்குவது எல்லோரும் செய்யும் தவறு. கதவைப் பூட்டிவிட்டு உள்ளே நுழையப் பார்க்கிற காரியம் அது. தாடையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மூச்சை விட்டு, அகாரத்தைத் திறந்து பாட வேண்டும். மூச்சு அவருக்குத் தேவாலயத்திலேயே பழகியிருந்தது. ஒரு மாலை அந்தப் பஞ்சமம் முழுசாக வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கூட டம்ளரைக் கீழே வைத்தார்கள். மறுநாளே தேவாலயத்துக்குப் போய்க் குழுத் தலைவரை விழாவுக்கு அழைத்துவிட்டு வந்தார்.

சுருதி என்பது மலை போல அசையாமல் நிற்பது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இருந்ததே இல்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தேவாலய ஆர்கனின் சுருதி வேறு. அடுத்த ஊருக்குப் பாடப் போனவன் தொண்டை கிழிந்து திரும்புவான். இங்கேயும், எட்டூருக்குக் கேட்ட குட்டை நாயனமான திமிரி ஒதுங்கி, நீளமான பாரி நாயனம் வந்தபோது சுருதி இறங்கியது. மைக் வந்தபின் பாடகர்கள் கத்த வேண்டியதில்லை என்று கட்டையைக் குறைத்துக்கொண்டார்கள். ஆர்மோனியத்திலோ, எந்தக் கட்டையிலும் வாசிக்க வசதியாக எல்லாப் படிகளையும் ஒரே உயரமாக வெட்டிவிட்டார்கள். அதனால் அதன் காந்தாரம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும். இதையெல்லாம் தேடிப் படித்து வைத்திருந்த எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது தோன்றவில்லை.

ஆயுத பூஜை அன்று மில்லே மணந்தது. உலைக் கதவில் சந்தனம், கம்பி உருட்டும் எந்திரங்களில் வாழைக்கன்று, எங்கும் பொரி. தொழிற்பேட்டை முழுக்க ஓர் எந்திரமும் ஓடவில்லை. மின் முற்றத்து வேலிக்கு எதிரே பகல் கச்சேரிக்கு மேடை. குழுத் தலைவர் மனைவியோடு வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்தார்.

ஏழுமலை உறையைப் பிரித்து மிருதங்கத்தைத் தட்டினார். முகம் மாறியது.

“நேத்து சாயந்தரம் சேத்து வெச்சிட்டுத்தான் போனேன். எறங்கிக்கினு கீது சார்.”

“ஈரமா இருக்கும்,” என்றேன். அவர் கல்லை எடுத்து விளிம்பில் தட்டி, சுருதியை ஏற்றி, ரீங்காரத்துக்குச் சேர்த்தார்.

மேடைக்குப் பின்னால் எஸ்தர் சரணத்தை ஒரு முறை பாடிப் பார்த்தார். பஞ்சமத்துக்குக் கீழேயே குரல் பிளந்தது. மறுபடி பாடினார். மறுபடியும் பிளந்தது.

“பயமா இருக்கும்மே,” என்றார் ஏழுமலை.

“பயம்னா கால் நடுங்கும். இது அது இல்ல. யாரோ ராவோட ராவா படிய ஒசத்திக் கட்டிட்ட மாதிரி முட்டுது,” என்றார் எஸ்தர். கண் நிறைந்துவிட்டது. “அவர வேற கூப்பிட்டு ஒக்கார வெச்சிருக்கேனே சார்.”

படியை உயர்த்தியது போல என்ற சொல் என் மண்டையில் மணி அடித்தது. கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். அங்கே மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் பழைய மீட்டர் இருந்தது. அதில் முள் கிடையாது. ஆர்மோனிய ரீடுகள் போல மெல்லிய எஃகுத் தகடுகள் வரிசையாக நிற்கும். எது மின்சாரத்தின் வேகத்தோடு ஒத்துப்போகிறதோ அது மட்டும் நடுங்கும். மாலை நேரங்களில் இடது பக்கத் தகடு நடுங்கித்தான் பார்த்திருக்கிறேன். அன்று வலது ஓரத்தில் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அந்தக் காலத்தில் மாலையானால் ஊர் உலகமே விளக்குப் போடும். மின் நிலையங்களின் ஜெனரேட்டர்கள் சுமை தாங்காமல் மெதுவாகச் சுற்றும். டிரான்ஸ்பார்மரின் ரீங்காரமும் தொய்யும். ஆயுத பூஜை அன்று ஆலைகள் மூடிக் கிடக்க, சுமை இல்லாத ஜெனரேட்டர்கள் துள்ளி ஓடின. எங்கள் தம்புரா அரைக் கட்டைக்குப் பக்கமாக ஏறிவிட்டது. தொய்ந்த சுருதியில் மாதக்கணக்கில் பழகிவிட்டு, ஏறிய சுருதியில் பாட வந்திருந்தோம். இப்படியொரு பிசகு செய்யக் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை பார்க்க வேண்டும்.

ஓடி வந்து சொன்னேன். எஸ்தர் உடனே பழைய சுருதியில் தொடங்கிப் பார்த்தார். பின்னால் ரீங்காரம் அதோடு மோதி, ஓட மறுக்கும் ஸ்கூட்டர் போல விட்டு விட்டு அதிர்ந்தது. அதோடு பாட முடியாது.

“டிரான்ஸ்பார்மர நிறுத்திட்டா?” என்றேன்.

“மைக்கு?” என்றார் எஸ்தர்.

“மைக்கும் போயிடும்.”

மேடைக்கு முன்னால் இருந்த கூட்டத்தை எட்டிப் பார்த்தார். திறந்தவெளி, நூற்றுக்கணக்கான பேர். “சர்ச்சுல மைக்கு வர்றதுக்கு முன்னாலேந்து பாடினு கீறேன் சார். நிறுத்துங்க.”

ஜெனரல் மேனேஜர் வாய் நிறையப் பொரியோடு கேட்டார். “பாட்டுக்காக மின்சாரத்த நிறுத்தறதா? உமக்கு என்ன ஆச்சு?”

“இன்சுலேட்டர் எல்லாம் எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பல் படிஞ்சு கிடக்கு சார். எப்படியும் ஒரு நாள் நிறுத்தித் தொடைக்கணும். இன்னிக்கு உற்பத்தி நஷ்டம் கிடையாது.”

நஷ்டம் கிடையாது என்ற சொல்லுக்கு மயங்காத மேனேஜரை நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டினார். மின்வாரியத் துணை மின்நிலையத்துக்குப் போன் செய்தேன்.

“இன்னா சார் கோளாறு?” என்றார் அங்கிருந்தவர்.

“இன்சுலேட்டர் தொடைக்கணும். சத்தமும் ஏறியிருக்கு.”

“எவ்ளோ ஏறிக்கீது?”

“அரைக் கட்டை.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “சரி சார், தொடைக்கிறதுன்னே எழுதிக்கிறேன்.”

அனுமதி வாங்கி, பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரைப் பிரித்து, பூட்டிப் பலகை மாட்டி, மிச்சமிருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போக எர்த் கம்பியைத் தொங்கவிட்டேன். ஒரு படியையும் விடவில்லை. விழா நாள் என்பதற்காக மின்சாரம் யாரையும் மன்னிக்காது. இரண்டு ஹெல்பர்கள் ஏணியும் துணியுமாக உள்ளே போனார்கள்.

ரீங்காரம் நின்ற கணம், கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பியது. அது இருந்தது என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நெடுஞ்சாலை லாரி கேட்டது. எங்கோ ஒரு காகம். ஃபேன் நின்றுவிட்டதில் யாரோ முணுமுணுக்க, பக்கத்திலிருந்தவர் உஸ் என்றார்.

“நீங்கல்லாம் வாய மூடிக்கினு ம்ம்னு புடிங்க. சர்ச்சு கோயர்ல இப்படித்தான் செய்வோம்,” என்று எஸ்தர் எனக்கும் தாளம் போடுகிறவர்களுக்கும் சட்ஜமத்தைக் கொடுத்தார். மாலைகளில் கேட்ட சட்ஜமம். அவருடைய உடம்பிலேயே அது இருந்தது. ஏழுமலை கல்லால் தட்டி மிருதங்கத்தை மறுபடி இறக்கி, “நேத்து வெச்ச அதே எடம். என் வெரலுக்குத் தெரியுது,” என்றார். நான் கீழ்ப் பஞ்சமம் பிடித்தேன். வாய் மூடியிருந்ததால் என் சங்கீதத்தால் முதல் முறையாக யாருக்கும் துன்பமில்லை.

எஸ்தர் பாடினார். மைக் இல்லாத குரல் நிதானமாக எழுந்து கடைசி வரிசைக்குப் போனது. மனிதர்கள் பிடித்த சுருதிமேல் கல்யாணியின் காந்தாரம் வந்து அமர்ந்தபோது, எந்த ஆர்மோனியத்திலும் கேட்காத இடத்தில் அது இருந்தது. எனக்குப் புல்லரித்தது. வேலிக்கு உள்ளே ஹெல்பர்கள் இருவரும் தங்களை அறியாமல் தாளத்துக்கு இன்சுலேட்டர் பீங்கானைத் துடைத்தார்கள்.

சரணம் வந்தது. எஸ்தர் தாடையைத் தளர்த்தி வாயைத் திறந்தார். மேல் பஞ்சமம். நின்றது. முழுசாக, ஓரம் பிசிறாமல் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நேரே பார்த்துக்கொண்டே பாடினார். அப்போது எங்கள் ரீங்காரத்துக்குக் கீழே இன்னொரு குரல் வந்து சேர்வதைக் கேட்டேன். இரண்டாம் வரிசையில் குழுத் தலைவர் வாயை மூடிக்கொண்டு சட்ஜமம் பிடித்திருந்தார்.

பாட்டு முடிந்தபோது விசில், கைதட்டல், பெஞ்சில் தட்டிய மேளம் எல்லாம். நான் எர்த் கம்பியை எடுக்க எழுந்தேன். உலைக்காரர் ஒருவர் கத்தினார்: “யோவ் சார், குந்துய்யா! கரண்டு இன்னாத்துக்கு இப்போ? யக்கா, நீ இன்னொண்ணு பாடு!”

அவர் இன்னொன்று பாடினார். பிறகும் ஒன்று. மேனேஜர் பொரித் தட்டால் விசிறிக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்தில் எஸ்தரைத் தனியாகப் பாட அழைத்தார்கள். பிறகு அவர் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஏழுமலை வயலைப் பார்க்க ஊத்துக்கோட்டைப் பக்கமே போய்விட்டார். மில் கைமாறி, அப்புறம் இடிபட்டு, அங்கே இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். நாட்டின் மின்தொகுப்பு எல்லாம் ஒன்றாக இணைந்து, மாலையானால் தொய்வது என்பதே இல்லாமல் போய்விட்டது. மோட்டார்களுக்கு நல்லது. நானே வரவேற்றுப் பேசியிருக்கிறேன்.

ஆனால் கரண்டு போன ஒரு பகலில் அத்தனை பேர் சும்மா உட்கார்ந்து ஒரு குரலைக் கேட்டார்களே, அது போய்விட்டது. இப்போது மின்சாரம் நின்ற அடுத்த மூச்சுக்கு எங்கள் அடுக்ககத்தில் ஜெனரேட்டர் அலறுகிறது. அதை நிறுத்த எங்கே விண்ணப்பிப்பது என்று விசாரித்தேன். சங்கச் செயலாளர் அதற்கு நடைமுறை ஏதும் இல்லை என்றார்.