விசில் டீச்சர் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்த வருஷம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் விசில் டீச்சரின் ராஜ்யம் மைதானத்தோடு முடிந்துவிடும். மாடிப்படிக்கு அடியில் அவருக்கு ஒரு அறை உண்டு. காற்றுப்போன பந்துகள், அறுந்த வலைகள், எந்நேரமும் ஒரு ரப்பர் வாடை. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ஆசிரியர் அறை வரை வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. விசில் இல்லாவிட்டாலும் அவர் குரல் மூன்றாவது மாடியில் இருக்கிறவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். பேக்கரியில் வேலை பார்க்கும் அவருடைய கணவர், "வீட்டுல நான் பேசினதே எனக்குக் கேட்டதில்ல" என்று எல்லோரிடமும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

சின்ன வயதில் விசில் டீச்சரும் ஏழாம் வகுப்பில் ஒரு தடவை பெயில் ஆனவர்தான். அந்த வருஷம் அவருடைய அம்மா இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூத்த பெண் என்பதால் வீட்டில் சமைத்து, தம்பிகளைக் குளிப்பாட்டி அனுப்புவது அவர் பாடு. திரும்பிப் பள்ளிக்கூடம் போனபோது வகுப்பு பின்னக் கணக்கைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. பாதிப் படத்தில் தியேட்டருக்குள் நுழைந்தவர் மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. "இதுக்கு மண்டைல ஒண்ணும் ஏறாது" என்றார்கள். அவரும் அதை நம்பிவிட்டார். கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஓடினார், ஜெயித்தார், ஓடியே வேலையும் வாங்கினார். பின்னக் கணக்கைத் தாளில் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் வேறு பக்கம் ஓடிவிடுவார்.

அந்த வருஷ அரையாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் பெயில். தலைமை ஆசிரியை கூட்டம் போட்டார். அவர் கறாரானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். சோம்பேறித்தனம் என்றார் ஒருவர். போன் என்றார் இன்னொருவர். பெற்றோர் சரியில்லை என்பதில் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். கடைசி மணிக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் படிக்க வைப்பது என்று முடிவாயிற்று. யார் உட்கார வைப்பது என்று கேட்டதும் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

"நீங்க இருங்களேன்" என்றார் தலைமை ஆசிரியை, விசில் டீச்சரைப் பார்த்து. "பாடம் நடத்த வேண்டாம். சத்தம் போடாம பாத்துக்கிட்டா போதும்."

"சத்தம் போடாமயா? நானா?" என்றார் விசில் டீச்சர். சிரிக்காத ஆளில்லை.

பிள்ளைகளை முதலில் அவர் மைதானத்துக்குத்தான் ஓட்டிப் போனார். நாள் முழுக்கத் திட்டு வாங்கியவர்களைத் திரும்பவும் பெஞ்சில் திணிக்க அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் ஓட்டம், அப்புறம் புத்தகம் என்று பேரம் பேசிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், கேட்டால் பதில் வராது என்பதால் அவளுக்குக் 'கனவு ராணி' என்று பெயர். பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கைதட்டி ஓட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, அவள் எப்போதும் கடைசியாகக் கிளம்புவதை டீச்சர் கவனித்தார். கிளம்பிவிட்டால் குதிரைதான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கால் நகர்ந்த பிறகே அவள் கால் நகர்ந்தது.

டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளைகள் ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"யாருக்கு பிஸ்கட் வேணும்?"

எல்லாத் தலையும் திரும்பியது. மைதானத்தின் அந்தப் பக்கம் வாலிபால் ஆடிய பெரிய வகுப்புப் பையன்கூடத் திரும்பினான். கனவு ராணி மட்டும் குனிந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே டீச்சர் அவள் வீட்டுக்குப் போனார். "வீட்டுலயும் கூப்பிட்டா திரும்ப மாட்டா டீச்சர். திமிர்னுதான் நாங்க நெனச்சோம்" என்றார் அவளுடைய அப்பா. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு பேருமாக அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பழைய சளியில் சீழ் கோத்து இரண்டு காதுமே அடைத்துப் போயிருந்தன. மருந்தும் மாத்திரையுமாகச் சில வாரங்கள் ஓடின. ஒரு நாள் வகுப்பில் அவள் மேலே பார்த்து, "டீச்சர், இந்த ஃபேன் எப்பவுமே இப்படித்தான் கத்துமா?" என்று கேட்டாள்.

விசில் டீச்சர் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

வெற்றி தலைக்கேறியது. பெயிலான பிள்ளைகள் எல்லோருக்கும் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, அத்தனை பேரையும் அதே டாக்டர் முன்னால் வரிசையில் நிறுத்தினார். டாக்டர் பொறுமையாகப் பார்த்து முடித்தார். "டீச்சர், இவங்க காதெல்லாம் அருமையா இருக்கு. நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசினா இனிமேலும் அப்படியே இருக்கும்" என்றார். விசில் டீச்சர் அசடு வழியத் திரும்பி வந்தார்.

அடுத்து அவரை வியக்க வைத்தவன் 'ஏணி'. வகுப்பிலேயே உயரமான பையன். ஒரு நாள் துப்புச் சீட்டு விளையாட்டு வைத்தார். 'தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்' என்பது போல ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வரி. ஏணி சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், கண்ணு எரியுது" என்று உட்கார்ந்துவிட்டான். ஒருமுறை காதில் கேட்ட கிரிக்கெட் கமென்டரியை வரி தவறாமல் ஒப்பிக்கிறவன் அவன். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எரியுதா, படிக்க வரலையா?"

அவன் மண்ணைக் கிளறினான். "எழுத்து தெரியும் டீச்சர். சேர்த்தா ஓடிடுது."

இந்தத் தடவை டீச்சர் தானாக முடிவு கட்டவில்லை. தலைமை ஆசிரியையிடம் சொன்னார். அவர் உடனே ஏணியின் அம்மாவை வரச் சொன்னார். ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிற அந்த அம்மா, வேலை உடுப்போடே ஓடி வந்தார்.

"எனக்குக் காலை ஷிப்ட் மேடம். விடியறதுக்குள்ள போயிடணும். சின்னவன காப்பகத்துல விட்டுட்டுத்தான் இவன் வருவான். காப்பகமே லேட்டாத்தான் தெறப்பாங்க."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தாமதமாக வருகிறவர்கள் முதல் பீரியட் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். முதல் பீரியட் மொழிப்பாடம். வருஷக்கணக்காக ஏணி மொழிப்பாடத்தைக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் படித்திருக்கிறான்.

"நாளைலேர்ந்து எப்ப வந்தாலும் நேரா உள்ள வரட்டும்மா" என்றார். அத்தோடு நிற்கவில்லை. மூன்றாவது பீரியடில் பள்ளிக்கூடம் முழுக்க ஒரு வாசிப்பு நேரம் என்று அறிவித்தார். அந்த நேரத்தில் இந்த வகுப்பு, அந்த வகுப்பு என்ற பிரிவு கிடையாது. யாருக்கு எந்த அளவுக்கு வாசிக்க வருமோ, அந்த அளவுக்கான அறையில் போய் உட்காரலாம். பள்ளிக்கூடமே மணியடித்ததும் இடம் மாறி உட்கார்ந்தது.

எல்லோரும் சந்தோஷமாக மாறினார்கள், ஏணியைத் தவிர. அவனுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு அறை. குட்டிப் பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார வேண்டும். கதவுப் பக்கமே நின்றான்.

"எல்லாரும் சிரிப்பாங்க டீச்சர்."

விசில் டீச்சர் வாயில் வந்ததைச் சொன்னார். "எனக்குப் பின்னம் தெரியாது. ஏழாம் கிளாஸ் கணக்குல நானும் போய் உக்காரறேன். என்னப் பாத்தும் சிரிக்கட்டும். சரியா?"

சொன்னபடியே மறுநாள் ஸ்கேலும் பென்சிலுமாகக் கடைசி பெஞ்சில் ஆஜரானார். கணக்கு சார் சாக்பீஸைத் தவறவிட்டார்.

"மேடம், ஆய்வுக்கா வந்திருக்கீங்க?"

"பாடம் படிக்க சார். நடத்துங்க."

பாதியையும் கால்வாசியையும் கூட்டச் சொன்னபோது விசில் டீச்சர் எழுந்து, "ஆறில் ரெண்டு" என்று கணீரென்று சொன்னார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு, "சார், நெஜமாவே புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அதே விடையை எழுதிவைத்திருந்த பாதி வகுப்பு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

கணக்கு சார் போர்டை அழித்தார். "எல்லாரும் கீழ வாங்க" என்றார். ஓட்டப்பாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பாதியில் ஒருவரையும் கால்வாசியில் ஒருவரையும் நிறுத்தினார். பாதி தூரம் ஓடிவிட்டு இன்னும் கால்வாசி ஓடினால் எங்கே போய் நிற்போம் என்று கேட்டார். விசில் டீச்சர் ஓடிப் போய் முக்காலில் நின்றார். மூச்சு வாங்க, "அட, இவ்வளவுதானா!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அன்று முதல் கணக்கு சாரும் வெயிலில் கறுக்கத் தொடங்கினார்.

ஏணி குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தான். முதல் வாரம் சுவரைப் பார்த்தான். அடுத்த வாரம் பக்கத்திலிருந்த பல்விழுந்த பொடியன், "அண்ணே, இது 'வா' இல்ல, 'வர'" என்று திருத்தினான். பிறகு இரண்டு பேரும் பந்தயம் கட்டி வாசித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவன் மூன்று அறை தாண்டிவிட்டான்.

முழுஆண்டுத் தேர்வில் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் தேறினார்கள். கனவு ராணி வகுப்பில் நடு வரிசைக்கு வந்தாள். இப்போது அவள் பேச்சை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது. விசில் டீச்சரும் கணக்குத் தேர்வு எழுதினார். கணக்கு சார் தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருத்தினார். பாஸ். விடைத்தாளை ஆசிரியர் அறை முழுக்கக் காட்டிவிட்டு, பேக்கரிக்கும் போய்க் காட்டினார். மாவுக் கையோடு கணவர் அதை வாங்கியதில் பாதி மதிப்பெண் அழிந்துபோனது.

ஏணி கணக்கில் மட்டும் பெயில். மறுதேர்வு உண்டு என்றார்கள். அவன் அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மாடி வராந்தாவில் விசில் டீச்சர் அவருக்கு ஆறுதல் சொல்லப் போனார்.

"டீச்சர், நேத்து இவன் சின்னவனுக்குக் கதை படிச்சுக் காட்டினான். புஸ்தகத்தப் பாத்து" என்றார் அந்த அம்மா. "நான் துணி மடிக்கிற மாதிரி நடிச்சுக்கிட்டே முழுக்கக் கேட்டேன். கணக்கு கெடக்குது விடுங்க, அதுவும் வந்துடும்."

"கெடக்குதுன்னு எல்லாம் விட முடியாதும்மா" என்றார் டீச்சர். ஏணி அதற்குள் மெதுவாகப் படிக்கட்டுப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தான். "டேய், எங்க ஓடற? கணக்கு சார் கீழ சுண்ணாம்பு கரைச்சிட்டாரு, வா!"

டீச்சரும் ஏணியும் படிகளில் தடதடவென்று இறங்கினார்கள்.