திங்கட்கிழமை டெலிபோன்

வீட்டு மூலையில் கண்சிமிட்டும் வைஃபை பெட்டி மக்கர் செய்தால் இப்போது அணைத்துப் போடுகிறோம், பாதிக் கோளாறு தீர்ந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் நான் கட்டிக்காத்த பெட்டிக்கு அந்த வைத்தியம் செல்லாது. அதன் ஒரு முனை எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. மறுமுனை பதினைந்து கிராமங்களில் இருந்தது.

உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளிய எக்ஸ்சேஞ்ச் அது. கம்பி இழுக்க முடியாத ஊர்களுக்கெல்லாம் வானொலி அலை மூலம் தலா ஒரு பொது டெலிபோன் கொடுத்திருந்தார்கள். கிராமத்தில் ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் மீன்முள் போன்ற ஆண்டெனா, கீழே ஒரு சூரியத் தகடு, பேட்டரி, டெலிபோன். ஆண்டெனா எங்கள் கோபுரத்தை நேராகப் பார்க்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சு நின்றுவிடும். பதினைந்து ஊருக்கும் சேர்த்துப் பேச நான்கு வழிகள்தான். ஐந்தாவது ஆள் காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்து பழகியவர்கள் என்பதால் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

பதினான்கு ஊர்கள் அவரவர் இஷ்டத்துக்குக் கெட்டன. தென்கிழக்கு ஓரத்தில் இருந்த ஓர் ஊர் மட்டும் ஒழுங்காக, திங்கட்கிழமைதோறும் கெட்டது. அரசாங்கத்தில் அவ்வளவு நேரம் தவறாத எதையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஊரில் டெலிபோனை வைத்திருந்தவர் ஒரு பெண். பரம்பரையாக அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போன குடும்பம். அவர் பத்தாவது முடித்திருந்தார்; ஊர்க் கடைசியில் அவர்கள் தெரு தொடங்கும் இடத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். பகல் முழுக்க ஆள் இருக்கும் இடம் வேண்டும், எண்களைத் தப்பில்லாமல் எழுதத் தெரிய வேண்டும் என்பது விதி. விதிப்படி பார்த்தால் அந்த ஊரில் அவர் ஒருவர்தான் தேறினார். நானும் விதிப்படியே கையெழுத்துப் போட்டேன்.

டெலிபோன் செத்தால் அதைச் சொல்ல டெலிபோன் இல்லையே. அதனால் திங்கட்கிழமை காலை பஸ் டிரைவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புவார்: “ஐயா, மறுபடியும்.” முதல் சீட்டில் எட்டு வரி இருந்தது. போகப் போக இவ்வளவுதான்.

எங்கள் லைன்மேன் போவார், கம்பத்தில் ஏறுவார், திரும்பிக் கிடக்கும் ஆண்டெனாவை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு வருவார். “காத்துங்க சார். பாலக்காட்டுக் காத்து ஆளையே திருப்பிப்போடும், ஆண்டெனா எம்மாத்திரம்?” என்பார். ஆடிக் கடைசியில் இது தொடங்கியபோது நானும் ஒப்புக்கொண்டேன். ஐப்பசியில் மழை பிடித்து, இலைகூட அசையாத வாரத்திலும் ஆண்டெனா திரும்பியது. சனிக்கிழமை வரை பேசிய டெலிபோன் திங்கள் காலை செத்துக் கிடந்தது. காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை நாள் என்று நம்ப நான் அவ்வளவு காலம் சர்வீஸ் போட்டிருக்கவில்லை.

இதற்கிடையில் அந்த ஊர்ப் பெரிய தோட்டத்துக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். கையில் மனு, முகத்தில் மரியாதை.

“ஏனுங்க சார், நான் யாரையும் குத்தம் சொல்றதுக்கு வல்லீங்க. திங்கக்கெழம சந்தை நாளு. ஊரே போனுக்கு நிக்குது, போனு நிக்க மாட்டீங்குது. எங்கூட்டு மொட்ட மாடி நல்லா ஒசரமா இருக்குதுங்க. அங்க கொண்டாந்து வெச்சுப்போட்டீங்கன்னா உங்களுக்கும் சிரமமில்ல பாருங்க.”

மனுவின் இரண்டாம் பத்தியில்தான் விஷயம் இருந்தது. அந்தத் தெருவுக்குப் போய் நின்று பேசுவது “பொதுமக்களுக்கு அசௌகரியமாக” இருக்கிறதாம். பொதுமக்கள் என்பது அவர் கையெழுத்தும் அவர் மைத்துனர் கையெழுத்தும்.

சங்கடம் என்னவென்றால் விதி அவர் பக்கம் இருந்தது. மூன்று மாதம் தொடர்ந்து பழுதானால் டெலிபோனை வேறு இடத்துக்கு மாற்றலாம். மூன்றாவது மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. மொட்டை மாடியும் உண்மையிலேயே உயரம்.

அதை அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் இட்லித் தட்டைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டார்.

“போனு போறது பெருசில்லீங்க சார். முன்னெல்லாம் மேக்கால தெருக்காரங்க என்னைய ‘ஏ புள்ள’ன்னுதான் கூப்புடுவாங்க. இப்ப இந்த வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, ‘ஏனுங்க அம்மணி, லைன் கெடைக்குங்களா’ங்கறாங்க. நீங்க இதையக் கழட்டிட்டுப் போனா, அந்த ‘ஏ புள்ள’ மறுக்கா வந்துரும். அவ்வளவுதானுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றேன். “ஞாயித்துக்கெழம காலையில நான் சர்ச்சுக்குப் போயிருவனுங்க, ஊடு பூட்டிக் கெடக்கும்” என்றார். அதனால் என்ன, கம்பம் வீட்டுக்கு வெளியேதானே நிற்கிறது என்றேன்.

அந்த ஞாயிறு நானும் லைன்மேனும் எதிரே பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தோம். விடுமுறை நாளில் வேலை பார்த்தால் ஈடு விடுப்பு உண்டு. அதற்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே ஈடு இல்லாமல் உட்கார்ந்தோம்.

“சார், லீவு நாளுல எங்க போறீங்கன்னு எங்கூட்டம்மா கேட்டாளுங்க.”

“என்ன சொன்னீங்க?”

“திருடனப் புடிக்கறதுக்குன்னேன். ‘உங்களப் பாத்து அவன் சிரிக்காம இருந்தாச் செரி’ன்னு பொரியைக் கட்டிக் குடுத்தாளுங்க.”

பொரி பாதி தீர்ந்தபோது தோட்டத்துக்காரர் வீட்டுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். தோளில் கயிறு, கையில் ஸ்பேனர். நேராகக் கம்பத்துக்கு வந்து, ஒரு கும்பிடு போட்டு, ஏறினார்.

“காத்து இல்லீங்க சார், தோட்டத்துக்காரர் ஊட்டு ஆளேதான்” என்று லைன்மேன் பொரியைக் கீழே வைத்தார். பிறகு கத்தினார். “ஏனுங்க! கம்பத்துல என்னங்க வேலை?”

மேலிருந்து பதற்றமே இல்லாமல் பதில் வந்தது. “வாரனுங்க, ஒரு நிமிசம்! இது கொஞ்சூண்டு கெழக்க இழுக்குதுங்க!”

திருப்பி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். எல்லா வீட்டு டிவி ஆண்டெனாவும் அவர் பொறுப்பு. சாயந்தரம் படம் போடுவார்கள் என்பதால் ஞாயிறு காலையில் ஊரை ஒரு சுற்று சுற்றி, அசைந்து கிடப்பதையெல்லாம் சரி செய்துவிடுவாராம். தோட்டத்துக்காரர் வீட்டு மாடி அன்று அவருக்கு மூன்றாவது. எங்கள் கம்பம் கடைசி.

“சார், நீங்களே பாருங்க. ஊருல அத்தன ஆண்டெனாவும் கொடைக்கானல் டிவி டவரப் பாத்து நிக்குது. இது ஒன்னு மட்டும் பொறவால திரும்பி நிக்குதுங்க. நானும் வாராவாரம் சரி பண்றேன், வாராவாரம் காத்து திருப்பிப்போடுது. பாவம், அந்த அம்மணிக்கு யாரு இருக்கறாங்க ஏறிப் பாக்கறதுக்கு?”

முதலில் நாங்களும் காற்றைத்தான் சந்தேகித்தோம், அவரும் காற்றைத்தான். மூன்று மாதமாக லைன்மேனும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே அந்தக் கம்பத்தில் ஏறி இறங்கி, ஒருவர் வேலையை ஒருவர் அழித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் காற்றுக்குத்தான் கெட்ட பேர்.

“அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“ஒரு ஒதவி பண்ணிப்போட்டு அதையச் சொல்லிக் காட்டோணுங்களா சார்?”

அதற்குள் அந்தப் பெண் சர்ச்சிலிருந்து வந்துவிட்டார். லைன்மேன் நடந்ததைச் சொன்னார். அவர் பைபிளை மார்போடு அணைத்தபடி கம்பத்தையும் சைக்கிள் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்ணா, எம்பட ஊட்டுல டிவியே இல்லீங்களேண்ணா!”

“அது தெரியும் அம்மணி. நாளைக்கு வாங்குனா உடனே படம் தெரியோணுமில்ல?”

முதலில் சிரித்தவர் அந்தப் பெண்தான். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. “சார், இதைய எழுதுனா போனு எங்கிட்ட இருக்குங்களா?”

அதுதான் கேள்வி. பழுது அறிக்கையில் காரணம் எழுத மூன்று கட்டங்கள்: கருவி, இயற்கை, பொதுமக்கள் குறுக்கீடு. மூன்றாவதில் எழுதினால், குறுக்கீட்டைத் தடுக்கத் தவறியது டெலிபோனை வைத்திருப்பவர் குற்றம். மாற்றல் உறுதி. இரண்டாவதில் எழுதினால் பொய். பொய் எழுதுவதில் எனக்குக் கொள்கை அளவில் ஆட்சேபம் உண்டு, அதோடு அந்த வாரத்துக் காற்றின் வேகம் வானிலை ஆபீசில் பதிவாகியிருக்கும் என்ற பயமும் உண்டு.

மறுநாள் ஒரு வழி தேடி அந்த ஊரின் நிறுவல் கோப்பைப் பிரித்தேன். உள்ளே ஏற்புச் சான்றிதழ் இருந்தது. அதில் ஒரு வரி: ‘ஆண்டெனா திரும்பாதபடி பூட்டு ஆணி பொருத்தப்பட்டுள்ளதா?’ பக்கத்தில் ‘ஆம்.’ உண்மையில் அந்த ஆணி ஸ்டோரிலிருந்து வரவே இல்லை. பட்டியல் முழுவதற்கும் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்து ‘ஆம்’ என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து என்னுடையது. அன்று அந்தப் பெண்ணின் கடையில் தேங்காய்ச் சட்னி நன்றாக இருந்ததும் நினைவுக்கு வந்தது.

ஆணி இருந்திருந்தால் சைக்கிள் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் ஆண்டெனா அசைந்திருக்காது. ஆக, பழுது முதல் கட்டத்தில்: கருவி, நிறுவலில் குறை. பொறுப்பு, சான்றளித்த அலுவலர். அப்படியே எழுதி அனுப்பினேன். வீரம் ஒன்றுமில்லை, ஒரு நாள் முழுக்க வேறு கட்டம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

மேலதிகாரி டெலிபோனில் கூப்பிட்டார். “ஏங்க, இத்தனை வருஷத்துல தன்மேலயே ரிப்போர்ட் எழுதின ஆளை நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்னும் இல்லையே?”

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். இனி கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்பட்டேன். நிறுவலில்தான் குறை என்பதால் மாற்றல் மனு தள்ளுபடி ஆனது.

பூட்டு ஆணி ஸ்டோரிலிருந்து வர எத்தனை மாதம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். சைக்கிள் கடைக்காரருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. சைக்கிள் பெடல் தண்டில் அடிக்கும் காட்டர் பின்னைக் கம்பத்துக் கவ்வியில் அடித்து இறக்கிவிட்டார். துறைக்குச் சொந்தமில்லாத பொருளைத் துறையின் கம்பத்தில் பொருத்தக் கூடாது என்பது விதி. நான் அன்று கீழே நின்று வடமேற்கே எங்கள் கோபுரம் இருக்கும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை பஸ் டிரைவர் சீட்டு எதுவும் கொண்டுவரவில்லை. நானே எக்ஸ்சேஞ்சிலிருந்து சோதனைக்காக அந்த ஊரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“சார், நல்லாக் கேக்குதுங்க. வெச்சர்றனுங்களா? ஆளு நிக்குதுங்க.”

“யாரு?”

பதில் வருவதற்குள் பின்னாலிருந்து தோட்டத்துக்காரரின் குரல், எங்கள் நான்கு வழிகளில் ஒன்றின் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“ஏனுங்க அம்மணி, ஆச்சுங்களா?”