சாய்கோடு, பிறகு ஓரெழுத்து

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். ஆனால் இது நடந்தது. எண்பத்தாறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்து இணுவிலில், பட்டப்பகலில் நடந்தது. இப்படிப்பட்டதெல்லாம் இரவில்தான் வரும் என்று யார் சொன்னது? வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மின்விசிறி சுற்ற, எதிர் மேசையில் வந்து உட்காரவும் அதற்குத் தெரியும். வேண்டுமானால் குணலட்சுமியிடம் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். அவள் பட்டது போதும்.

காங்கேசன்துறை வீதியோரத்தில் தண்ணீர்ப் பம்பும் உரமும் விற்கிற ஒரு கம்பனி. கொழும்புத் தலைமை அலுவலகம் அங்கே ஒரு கொம்பியூட்டரை இறக்கியிருந்தது. ஊரே வந்து புதினம் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு இரண்டு திரைகள். ஒன்றில் குணலட்சுமி வேலை செய்தாள். மற்றதில் அவள் கணவன் தேவராசா.

எந்தச் சரக்கைத் தேடுவதென்றாலும் பட்டியல் பட்டியலாக இறங்கிப் போகவேண்டும். தேவராசாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. திரையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் குறுக்கு வழிக் கட்டளையை அடித்தால் நேரே போய் இறங்கலாம். சாய்கோடு போட்டு ‘ஓ’ அடித்தால், செய்துகொண்டிருந்த வேலை திறந்தபடியே கிடக்க, பக்கத்தில் புதுத் திரை ஒன்று வரும். சாய்கோடு போட்டு ‘எக்ஸ்’ அடித்தால், ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாம் மூடிக்கொள்ளும்.

“முதலாவது ‘போயிட்டு வாறன்’. மற்றது ‘போறன்’,” என்று அவளுக்குப் படிப்பித்தான். “வீட்டாலை வெளிக்கிடேக்கை ஆரும் போறன் எண்டு சொல்லுறதோ? நான் உந்த எக்ஸை அடிக்கமாட்டன்.”

சொன்னபடி அடிக்கவும் மாட்டான். வேலை முடிந்தால் பட்டியல் வழியாகச் சுற்றி வளைத்துத்தான் வெளியே வருவான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பங்குனியில் கம்பனி அலுவலாகக் கொழும்புக்கு பஸ் ஏறினான். வழியில் பஸ் கண்ணிவெடியில் சிக்கியது. செத்தவர்களிலும் அவன் இல்லை, பிழைத்தவர்களிலும் இல்லை. மனேசர் சிவசுப்பிரமணியம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ரெலிபோன் எடுத்தார். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்றார்கள். குணலட்சுமி தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. இருக்கிறானா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும் என்று கிடந்தாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பாட்டுக்கு வெளிக்கிட்ட மனேசர் வாசலில் நின்றார்.

“பிள்ளை... தேவராசாவின்ரை பேரைக் கொம்பியூட்டராலை எடுத்துவிடும். கொழும்பாலை ஒரே கரைச்சல்.”

“ஓம் சேர்.”

“எனக்கும் மனமில்லைப் பிள்ளை.”

அவர் போய்விட்டார். அலுவலகத்தில் அவள் மட்டும்தான். கட்டத்தில் கட்டளையை அடித்தாள். நீக்கவா என்று திரை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ கொடுத்தாள்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நீக்க முடியாது. தேவராசா உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார்.

பிழையாக வாசித்துவிட்டேனோ... மறுபடி அடித்தாள். அதே வரி.

அவனுடைய திரை எதிரேதான் இருந்தது. அவளே துணி போட்டு மூடி வைத்தது. வயர் கழன்று நிலத்தில் கிடந்தது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையை அடித்தாள்.

இரண்டு பெயர்கள். குணலட்சுமி. தேவராசா.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

துணிக்குள்ளே இருந்து. விசைகள் அழுந்தும் சத்தம். அவசரமில்லாத, பழகிய கை.

உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வந்தது சந்தோசம். இருக்கிறான்!

“இஞ்சேருங்கோ... எங்கை இருக்கிறியள்?”

சத்தம் நின்றது.

அவள் கைகள் மடியில் இருந்தன. அவளுடைய திரையின் கட்டத்தில், தானாக, ஒரு சாய்கோடு விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை...

“ஓவை அடியுங்கோ,” என்றாள். “என்ரை ராசா... ஓவை அடியுங்கோ...”

மின்விசிறி சுற்றியது.

டக்.

எக்ஸ்.

திரை இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது பட்டியலில் ஒரு பெயர்தான் இருந்தது. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டே முக்கால்.

மனேசர் திரும்பி வந்தபோது அவள் நிலத்தில் இருந்தாள். நடந்ததைச் சொன்னாள். மின்சாரக் கோளாறாக இருக்கும் பிள்ளை என்றார். பாவம், வேறு என்னதான் சொல்லுவார்?

நாலாம் நாள் பேப்பரில் ஒரு படம் வந்தது. வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத சடலம். மனேசர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அவன்தான்.

அந்த வார்டைப் பார்த்த நேர்ஸ், யோசப்பின் என்று பெயர், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு மாதமா நினைவில்லாமல் கிடந்தவர், தங்கச்சி. முகமெல்லாம் கட்டு. ஆரெண்டு எங்களுக்குத் தெரியேல்லை. போன வெள்ளி, ஒரு மணியாகேல்லை, முடிஞ்சுது.”

குணலட்சுமி தலையாட்டினாள். அவளுக்கு அது தெரியும். யோசப்பின் கொஞ்சம் தயங்கினாள்.

“ஒண்டு கேக்கட்டே? உங்கடை அவர் மிருதங்கம் வாசிக்கிறவரோ?”

“இல்லை... ஏன்?”

“கண் ஒருநாளும் திறக்கேல்லை. விரல் மட்டும் போர்வையிலை தட்டிக்கொண்டே இருந்தது, இராப்பகலா. அண்டைக்கு மத்தியானம்தான் ஒருக்கா நிண்டது. ஆரோ கூப்பிட்ட மாதிரித் தலையைத் திருப்பினார், தங்கச்சி. கண்ணாலை தண்ணி ஓடினது.”